ஃப்ரிட்ஜ் முதுகில் ஒரு மஞ்சள் முக்கோணம்

மக்களே, ஒரு வேலை பண்ணுங்க. வீட்டு ஃப்ரிட்ஜைச் சுவத்துல இருந்து ஒரு ஜாண் முன்னாடி இழுத்து, பின்னாடி கம்ப்ரஸர் பக்கம் எட்டிப் பாருங்க. கொஞ்சம் புதுசுன்னா மஞ்சள் முக்கோணத்துக்குள்ள நெருப்பு எரியுற மாதிரி ஒரு படம் ஒட்டியிருக்கும். பக்கத்துல ஆர்-600ஏ ன்னு எழுதியிருக்கும். ஐசோபியூட்டேன். நம்ம சமையல் சிலிண்டர்ல இருக்கிற வாயுவுக்குப் பங்காளி.

பதறாதீங்க. இந்த வாயு வந்தது நல்லதுக்குத்தான்னு சொல்ற கட்சி நான். என் சண்டை வேற.

முதல்ல கொஞ்சம் பழைய கதை. ஆரம்ப கால ஃப்ரிட்ஜ்கள்ல அமோனியா, சல்ஃபர் டை ஆக்ஸைடு எல்லாம் ஓடுச்சு. அமோனியா கசிஞ்சா என்னன்னு எங்க எண்ணூர் பக்கத்து ஆளுங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர்ல பெரியகுப்பத்துல நடுராத்திரி ஊரே மூச்சுத் திணறி ஓடுச்சு. அப்படிப்பட்ட சரக்கை அடுப்படியில வெச்சிருந்த காலத்துல, 1930 வாக்குல, சிஎஃப்சி வந்துச்சு. பத்திக்காது, நாறாது, கசிஞ்சாலும் ஆளைக் கொல்லாது. பாதுகாப்புல நூத்துக்கு நூறு. ஆனா அதுதான் ஓசோன்ல பொத்தல் போட்டுச்சு. 1987ல மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்து, கடைசியா 2010க்குள்ள இந்தியாவும் அதோட உற்பத்தியை நிறுத்துச்சு. அதுக்கு மாத்தா வந்த ஆர்-134ஏ ஓசோனுக்கு சாது. ஆனா ஒரு கிலோ காத்துல கலந்தா 1,430 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு கலந்த மாதிரி பூமியைச் சூடாக்கும். ஐசோபியூட்டேனுக்கு இந்தக் கணக்கு சுமாரா 3 தான். ஜெர்மனியில ஃபோரோன்னு ஒரு கம்பெனி, கிரீன்பீஸ் ஆளுங்களோட சேர்ந்து 1993லயே இந்த மாதிரி வாயு போட்ட ஃப்ரிட்ஜை விக்க ஆரம்பிச்சிடுச்சு.

ஆக, வீட்டுக்கு நல்லது ஊருக்கு ஆகல. ஊருக்கு நல்லது வீட்டுல பத்திக்கும்.

எவ்வளவு பத்திக்கும்? பொட்டி தட்டுறவன்னாலும் இஞ்சினியரிங் படிச்ச பாவத்துக்குக் கணக்குப் போட்டேன் :-) ஒரு சாதா வீட்டு ஃப்ரிட்ஜ்ல 50 கிராம் வாக்குல இருக்கும். சர்வதேசத் தரவிதி வெச்ச உச்சவரம்பே 150 கிராம். சமையல் சிலிண்டர்ல 14.2 கிலோ. அதாவது ஃப்ரிட்ஜ்ல இருக்கிறது அதுல கிட்டத்தட்ட 280ல ஒரு பங்கு. அடுப்படியில சிலிண்டரை வெச்சுக்கிட்டு ஃப்ரிட்ஜைப் பாத்துப் பயப்படுறது காமெடி. ஆனா சிலிண்டர் வாயுவுல வேணும்னே நாத்தம் கலந்திருக்காங்க, கசிஞ்சா மூக்கு சொல்லிடும். ஃப்ரிட்ஜ் வாயுவுல அந்த நாத்தம் கிடையாது. 50 கிராமும் வாயுவா விரிஞ்சா சுமார் 20 லிட்டர். மூடின 250 லிட்டர் ஃப்ரிட்ஜுக்குள்ள அது கசிஞ்சா 8 சதவீதம் ஆச்சு. காத்துல 2 சதவீதத்தை நெருங்கினாலே போதும், ஒரு பொறியில பத்திக்கும். அதனாலதான் இந்த மாடல்கள்ல உள்ள இருக்கிற சுவிட்ச், தெர்மோஸ்டாட் எல்லாத்தையும் பொறி வெளிய வராத மாதிரி செய்யறாங்க. ஃபேக்டரியில இருந்து வர்ற பெட்டி நல்ல பெட்டிதான்.

அந்தப் பெட்டி காட்டுப்பள்ளிக்கு வந்ததும் என்ன ஆகுதுங்கிறதுதான் விஷயம்.

ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறும் கழிமுகமும். எங்க மாமா வீட்டு ஜன்னல் கம்பியை ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை மாத்தணும், அந்த அளவுக்கு உப்புக்காத்து. காயில், பைப், ஜாயிண்ட் எதையும் அது விடாது. வேற ஊர்ல பத்து வருஷம் தாங்குற காயில் இங்க நாலே வருஷத்துல பல்லைக் காட்டும். எர்த் கம்பியும் மண்ணுக்குள்ள அரிச்சுப் போயிருக்கும், யாரும் தோண்டிப் பாக்கிறதில்ல. அதுக்கு மேல, பல வீட்டுல த்ரீ பின் பிளக்கை டூ பின் அடாப்டர்ல சொருகி எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல ஓட்டுறாங்க.

போன வருஷம் மாமா வீட்டு ஃப்ரிட்ஜ் கூலிங் நின்னு போச்சு. மெக்கானிக் அண்ணன் வந்தார். நல்ல மனுஷன், இருபது வருஷ அனுபவம். பைப்பை வெட்டிட்டு, கேஸ் வெல்டிங் டார்ச்சைப் பத்த வெக்கப் போனார். ஜன்னல் மூடியிருக்கு, பக்கத்து ரூம்ல பாட்டி. நான் அந்த மஞ்சள் முக்கோணத்தைக் காட்டினேன்.

"கேஸ் எல்லாம் ஒண்ணுதான் தம்பி. இத்தனை வருஷமா இப்படித்தான் பண்றேன்."

அவர் சொன்னது பொய்யில்ல. இத்தனை வருஷமா அவர் கையில வந்தது பத்தாத வாயு. இப்ப வர்றது பத்துற வாயு. நடுவுல இதை அவருக்கு யாரும் சொல்லலை. இந்த வாயுவை வெளியேத்தி, நைட்ரஜன் விட்டு, வேக்கம் போட்டு, தராசுல கிராம் கணக்கா எடை பாத்து ஏத்தணும். ஜாயிண்டை முடிஞ்சா நெருப்பில்லாம அழுத்திப் பொருத்தணும். அந்தக் கருவிகளை எல்லாம் வாங்க அவர் எத்தனை மாசம் ஓடணும்? 2019ல வந்த இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம், 2022-23க்குள்ள ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சின்னு இலக்கு வெச்சுது. அப்படி ஒரு பயிற்சி இருக்கிறதையே அண்ணன் என்கிட்டதான் முதல்ல கேட்டார். அடுத்து கேட்டார் பாருங்க ஒரு கேள்வி: "அத்தனை நாள் கடையை மூடினா வீட்டுக்கு யாருப்பா அரிசி வாங்குவா?"

2022 நவம்பர்ல ஊரப்பாக்கத்துல ஃப்ரிட்ஜ் வெடிச்சு ஒரே குடும்பத்துல மூணு பேர் மூச்சுத் திணறி இறந்தாங்க. ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வீடு. அந்த வாரம் எங்க ஃபேமிலி வாட்ஸப் குரூப் முழுக்க "புது கேஸ் ஃப்ரிட்ஜ் வாங்காதீங்க, பழசே சேஃப்" தான். இதுதான் எனக்கு எரிச்சல். இருபது வருஷப் பழைய ஃப்ரிட்ஜ்ல வயர் இத்துப்போயிருக்கும், ரிலே கருகியிருக்கும், கரண்டை வேற குடிக்கும். அந்தக் கரண்டு எங்க இருந்து வருதுன்னு காட்டுப்பள்ளியில நின்னா கண்ணால பாக்கலாம். அத்திப்பட்டு அனல் மின் நிலையத்துச் சாம்பல் கொசஸ்தலையாத்துல படிஞ்சு கிடக்கு. ஸ்டார் ஸ்டிக்கர் ஒண்ணு கூடினா அங்க கொஞ்சம் கரி மிச்சம். எங்களுக்கு அது ஏதோ துருவக்கரடி சமாச்சாரம் இல்ல, மீன் சமாச்சாரம்.

ஏசியிலயும் இதே கதைதான், அளவுதான் பெருசு. ஆர்-22 போச்சு, ஆர்-410ஏ போய்க்கிட்டிருக்கு, இப்ப ஆர்-32. அதுவும் லேசாப் பத்தும். கோத்ரெஜ் 2012லயே புரொப்பேன் ஏசி கொண்டு வந்துச்சு. கும்மிடிப்பூண்டி தாண்டினா ஸ்ரீசிட்டியில டைகினும் புளூஸ்டாரும் ஏசி செய்றாங்க. இவ்வளவு பக்கத்துல ஃபேக்டரி இருந்தும், மீஞ்சூர்ல ஏசி மாட்ட வர்றவர் எர்த் இருக்கான்னு மீட்டர் வெச்சுப் பாத்து நான் பாத்ததில்ல. ஸ்டாண்டுக்குத் தனி பில், எக்ஸ்ட்ரா காப்பர் பைப்புக்கு அடிக்கணக்குல பில். எர்த் டெஸ்ட்டுக்கு மட்டும் பில்லும் இல்ல, டெஸ்ட்டும் இல்ல.

கம்பெனி பச்சை இலை படம் போட்டு, 'பூமியைக் காக்கிறோம்'னு பெருமையை எடுத்துக்குது. அந்தப் பெருமையோட சேர்ந்து வர்ற ஆபத்தை மட்டும் மெக்கானிக் அண்ணன் தலையிலயும் டூ பின் அடாப்டர் தலையிலயும் கட்டிட்டுப் போயிடுது. இது நியாயமில்ல. பத்துற வாயு போட்டு விக்கிறியா, தாராளமா வில்லு. ஒவ்வொரு பெட்டி விலையிலயும் ஒரு பங்கை அந்த வட்டாரத்து மெக்கானிக் பயிற்சிக்கு வை. பயிற்சி நாளுக்குக் கூலி கொடு, தராசும் வேக்கம் பம்பும் கொடு. மாட்டும்போதே எர்த் பாத்து எழுதிக் கொடு. கடலோரத்துல விக்கிறப்ப உப்பைத் தாங்குற பூச்சு போட்ட காயிலை எக்ஸ்ட்ரா காசுக்குன்னு சொல்லாம சாதாரணமாவே கொடு. விலை ஐநூறு, ஆயிரம் ஏறும்தான். ஏறட்டும். இப்ப அந்தக் காசை மிச்சம் பிடிக்கிறது பாட்டி படுத்திருக்கிற ரூம்லதான்.

காயலான் கடைக்குப் போற பழைய ஃப்ரிட்ஜ் தனிப் பதிவுக்கு ஆகும். காப்பருக்காக ஒரே வெட்டு, உள்ள இருந்த வாயு அத்தனையும் காத்துல. சிஎஃப்சி காலத்துப் பெட்டின்னா ஒரு கிலோ வாயுவுக்குப் பத்து டன்னுக்கு மேல கார்பன் கணக்கு வரும். மின்கழிவு விதிகள் 2012லயே அமலுக்கு வந்தாச்சு, ஃப்ரிட்ஜும் ஏசியும் அதுல உண்டு. எங்க தெருவுக்கு இன்னும் வரலை, தராசு வண்டிக்காரர்தான் வர்றார்.

டிஸ்கி: ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்கு ஆள் வந்தா பிளக்கைப் பிடுங்கி, ஜன்னலைத் திறந்து வைங்க. எத்தனை கிராம் ஏத்தணும்னு பின்பக்க ஸ்டிக்கர்லயே இருக்கும். தராசு இல்லாம வந்தாருன்னா அவரைத் திட்டாதீங்க. கம்பெனி கஸ்டமர் கேருக்கு ஃபோனைப் போட்டு அவங்களைத் திட்டுங்க.