தொண்டைமான் காசும் அண்ணாமலையார் பெயரும்

வெள்ளையர் காலத்தில் தமிழ்நிலம் முழுமையும் ஒரே வகையாய் ஆளப்பெறவில்லை. திருவண்ணாமலையும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் சென்னை மாகாணத்தில் ஆங்கிலேயரின் நேராட்சியில் கிடந்தன. அம்மாகாணத்தின் நடுவே, ஏறத்தாழ 1,178 சதுரக்கல் பரப்பளவில், புதுக்கோட்டை மட்டும் தொண்டைமான் மன்னர்களின் கையில் இருந்தது. அவர்களுக்குமேல் காப்பென நின்றது ஆங்கில வல்லாண்மை. தமிழ் மன்னன் ஆண்ட மண்ணிலேனும் தமிழ் தழைத்திருக்கும் என்று கருதுவார் இன்றும் உளர். அக்கருத்தை நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

திருவண்ணாமலையும் ஒருகால் 'காக்கப்பட்ட' நிலமே. ஆர்க்காட்டு நவாபின் நாட்டில் அஃது அடங்கியிருந்தது. 1767-இல் ஐதரலியின் படையோடு செங்கத்திலும் பின்னர்த் திருவண்ணாமலையிலும் போர் நிகழ்ந்தபோது, நவாபின் துணைவர் என்ற பெயரிலேயே ஆங்கிலேயர் நின்றனர். துணை கடனாயிற்று, கடன் வட்டியாயிற்று, திப்புவோடு உறவாடினார் என்ற குற்றமும் நவாபின் குடிமேல் சுமத்தப்பட்டது, 1801-இல் நாடே கும்பனியின் கைக்குப் போயிற்று.

தொண்டைமான் தப்பியது எவ்வாறு? 1799-இல் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவர் அவரே. 1803-இல் கீழாநிலைக் கோட்டையும் அதனைச் சார்ந்த நிலமும் அவர்க்குக் கிடைத்தன. அதற்குத் திறை ஆண்டுக்கொரு யானை என்று எழுதினர். அந்த யானையை வற்புறுத்திக் கேட்டவர் எவருமிலர். காட்டிக் கொடுத்தார்க்குக் கணக்கு எளிது.

இனி மொழிநிலை. புதுக்கோட்டைக்கெனத் தனிச் செப்புக்காசு இருந்தது. ஒருபுறம் திருக்கோகர்ணத்து அம்மன். மறுபுறம் 'விசய' என்னும் வடசொல், அதுவும் தெலுங்கு எழுத்தில்! குடிமக்கள் தமிழர், மன்னர் தமிழர், காசில் மட்டும் தமிழ் இல்லை. மன்னர் தம்மைப் 'பிரகதாம்பாள் தாசர்' என்று அழைத்துக்கொண்டார். பெரியநாயகி என்றால் அம்மன் வாரா தொழிவாளா? பொதுமக்களோ அவளை 'அரைக்காசு அம்மன்' என்றே அழைத்தனர். தொலைந்த பொருளை மீட்டுத் தருபவள் அவள் என்பது அவர்கள் நம்பிக்கை. நாட்டின் வரலாற்றுப் பெருநூலும் ஆங்கிலத்திலேயே எழுதப்பெற்றது.

நல்லனவற்றை மறைத்தல் முறையன்று. 1929-இல் அந்நாட்டுக் கல்வெட்டுகளின் மூலங்கள் நூலாய் அச்சேறின. தமிழ் வரலாற்றுக்கு அஃது அரும்பெரும் வைப்பு. 1886-இல் அங்குப் பிறந்த முத்துலக்குமி அம்மையார் ஆடவர் கல்லூரியில் பயில, எதிர்ப்புக்கிடையே மன்னர் இசைவளித்தார். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் கொடுமையை ஒழித்த 1947-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வம்மையாரின் நெடும் போராட்டத்தின் விளைவு. சிறுநாட்டு மன்னன் ஒருவன் ஒரு சொல்லால் செய்யக்கூடியதை மாகாண ஆளுநர் ஆண்டுக்கணக்கில் செய்யார் என்பதற்கு இஃதொரு சான்று. அத்தகைய ஒரு சொல்லைத் தமிழுக்காகவும் மன்னர் சொல்லியிருக்கலாம்.

நேராட்சியிலிருந்த திருவண்ணாமலையின் நிலை மேலானதன்று. அண்ணாமலையார் 'அருணாசலேசுவரர்' ஆனார். உண்ணாமுலை என்னும் பெயர் ஞானசம்பந்தர் பதிகத்திலேயே உண்டு. அதனை வடமொழியில் பெயர்த்து 'அபீதகுசாம்பாள்' ஆக்கினர். வெள்ளையன் செய்த மாற்றமன்று இது. எனினும் ஊரார் வாயில் இன்றும் அண்ணாமலையார்தாம். திருக்கார்த்திகை நாளில் மலைமேல் தீ எழும்போது எழும் முழக்கமும் 'அண்ணாமலையாருக்கு அரோகரா' என்பதே.

1948 மார்ச்சு 3-ஆம் நாள் புதுக்கோட்டை சென்னை மாகாணத்தோடு இணைந்தது. 1974-இல் தனி மாவட்டமும் ஆயிற்று. திருவண்ணாமலை 1989-இல் மாவட்டத் தலைநகராயிற்று. தமிழே ஆட்சிமொழி என்னும் சட்டம் 1956-இலேயே வந்துவிட்டது. மன்னரும் இல்லை, வெள்ளையரும் இல்லை. அரசேடுகளில் மட்டும் 'அருணாசலேசுவரர் திருக்கோயில்' என்ற பெயர் நீங்கவில்லை. பலகையிலும் பற்றுச்சீட்டிலும் 'அண்ணாமலையார் திருக்கோயில்' என்று எழுத அறநிலையத் துறைக்கு எந்தக் கும்பனியின் இசைவும் வேண்டுவதில்லை.