4 அங்குலம் என்றால் எவ்வளவு?

முடிவெட்டு விவகாரம் ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போகும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். தில்லியில் போனது. 2018 ஏப்ரலில் தலைநகரின் ஐந்து நட்சத்திர ஓட்டல் ஒன்றின் சலூனுக்கு ஒரு பெண் போனார். நுனியிலிருந்து 4 அங்குலம் மட்டும் குறைத்தால் போதும் என்று சொன்னார். வெட்டி முடித்தபோது தலையில் மிஞ்சியதே 4 அங்குலம்தான் என்பது அவரது புகார். தேசிய நுகர்வோர் குறைதீர்ப்பு ஆணையம் 2021 செப்டம்பரில் 2 கோடி ரூபாய் நஷ்டஈடு தரச் சொன்னது. இவ்வளவு பெரிய தொகைக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு, 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து வழக்கைத் திருப்பி அனுப்பியது. அதே ஆண்டு ஏப்ரலில் ஆணையம் மறுபடியும் 2 கோடி என்றது. வழக்கு மறுபடியும் உச்ச நீதிமன்றத்தின் படியேறியது.

பத்திரிகைகள் கோடியைப் பற்றி எழுதின. எனக்கு என்னவோ அந்த 4 அங்குலம்தான் சுவாரசியமாகப் பட்டது. சொன்னவர் மனதில் ஒரு நாலு. கேட்டவர் கையில் வேறொரு நாலு. மொழிபெயர்ப்பில் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு இது பழகிப்போன சங்கடம். சொல் ஒன்றாக இருக்கும், பொருள் இடம் மாறியிருக்கும். முடி இயற்கையாகவே சுருண்டதாக இருந்துவிட்டாலோ இந்தச் சங்கடம் இரட்டிப்பாகிறது. ஏனென்றால் சுருட்டை முடியில் 4 அங்குலம் என்பதற்கு ஒரே அர்த்தம் கிடையாது.

காரணம் எளிமையானது. முடியின் வடிவம் மயிர்க்காலிலேயே தீர்மானமாகிவிடுகிறது. மயிர்க்கால் நேராக இருந்தால் முடியும் நேராக வளரும்; வளைந்திருந்தால் வளைந்து வளரும். நேரான முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஏறக்குறைய வட்டமாகவும், சுருண்ட முடி நீள்வட்டமாகவும் தெரியும். முடியின் மூலப்பொருள் கெராட்டின் என்ற புரதம். அதன் இழைகளைக் கட்டிவைத்திருக்கும் பிணைப்புகளில் ஒரு வகை, தண்ணீர் பட்டதும் தற்காலிகமாக அவிழ்ந்துவிடும். அதனால்தான் சுருட்டை முடி நனைந்தால் தளர்ந்து நீளுகிறது, உலர்ந்தால் ஸ்பிரிங் போலத் திரும்ப ஏறிக்கொள்கிறது. ஈரத்தில் தோளைத் தொட்ட முடி, உலர்ந்தபின் காதோரம் போய் நிற்பது இதனால்தான்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே தலையில் எல்லாச் சுருளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பிடரியில் இறுக்கமாக இருக்கும், உச்சியில் தளர்ந்திருக்கும், நெற்றியோரம் வெறும் அலையாக இருக்கும். நனைத்து, வாரி, இழுத்துப் பிடித்து ஒரே கோட்டில் வெட்டுகிறார்கள். கண்ணாடியில் பார்த்தால் அளவெடுத்தாற்போல் இருக்கிறது. வீட்டுக்கு வந்து உலர்ந்ததும் ஒவ்வொரு சுருளும் தன் இஷ்டப்படி ஏறுகிறது, கோடு படிக்கட்டாகிறது. எல்லாமே ஒரே நீளம் என்றால் இன்னும் மோசம். உச்சியில் படிந்து, காதுக்குக் கீழே கூடாரம்போல் விரியும். அடர்த்தியைக் குறைக்கிறேன் என்று சொல்லிப் பல் வைத்த கத்தரியை உள்ளே விடுகிறவர்கள் உண்டு. உள்ளே வெட்டுப்பட்ட குட்டை முடிகள் சுருண்டு நிமிர்ந்து மேலே இருப்பதையும் வெளியே தள்ளும். குறைந்த அடர்த்தி கூடினாற்போல் தெரியும்.

கத்தரி பிடிப்பவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கற்ற வித்தை நேர்முடிக்கானது. 1960களில் லண்டனில் விடால் சஸூன் கோணமும் கோடுமாக முடியை வெட்டிக் காட்டி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார். அந்த ஜியோமிதி முறைதான் பிற்பாடு உலகெங்கும் பயிற்சிப் பள்ளிகளின் பாடமானது. பயிற்சிக்கு வைக்கும் பொம்மைத் தலையிலும் பெரும்பாலும் நேர்முடிதான். அங்கே கற்றதை அப்படியே சுருட்டை முடியில் செய்வது, வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்ப்பதைப் போன்றது. இலக்கணம் சரியாக இருக்கும். அர்த்தம் மட்டும் காணாமல் போயிருக்கும்.

சுருளுக்கென்று தனி வித்தை இல்லாமல் இல்லை. 1980களிலும் 90களிலும் நியூயார்க்கில் சுருட்டை முடிக்கென்றே சலூன்கள் தோன்றின. அவர்களில் ஒருவரான லொரேன் மாஸே, முடியை உலர்ந்த நிலையில், அது இயல்பாகத் தொங்கும் இடத்திலேயே, ஒவ்வொரு சுருளாக வெட்ட வேண்டும் என்று வாதாடினார். அவருடைய 'கர்லி கேர்ள்' புத்தகம் 2000களின் தொடக்கத்தில் வந்து பலரது தலையெழுத்தை மாற்றியது. நனைத்து வெட்டியும் நன்றாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எந்தச் சுருள் எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போட்டு, கொஞ்சம் மிச்சம் வைத்து வெட்டுகிறார்கள். முறை எதுவானாலும் அந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

தில்லி பார்லர்களில் நடப்பது வேறு. கரோல் பாகிலோ லாஜ்பத் நகரிலோ மயூர் விஹாரிலோ, நாற்காலியில் உட்கார்ந்து 'தோடா-ஸா' என்று சொல்லிப் பாருங்கள். கத்தரியை எடுப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும்: "மேடம், ஸ்மூத்தனிங் கரா லீஜியே." சுருளை வெட்டத் தெரியவில்லை என்று அவர் சொல்ல மாட்டார். சுருளே நோய் என்பார். சுருட்டை முடி சோறு போடும் என்று நம் ஊரில் சொல்வதுண்டு. தலைநகரில் அது பார்லருக்குத்தான் சோறு போடுகிறது. ரசாயனத்தால் நேராக்கிய முடி நேராகவே இருக்கும். ஆனால் வேரிலிருந்து புதிதாக வளர்வது சுருளாகத்தான் வரும். சில மாதங்களில் பாதி நேர், பாதி சுருள் என்ற கோலத்தைச் சகிக்காமல் மறுபடி போக வேண்டும். இது ஒருமுறைச் செலவு அல்ல, மாதாந்திரச் சந்தா மாதிரி.

பணம் மட்டும் என்றால் விட்டுவிடலாம். 'கெராட்டின் ட்ரீட்மெண்ட்' என்ற பெயரில் பூசப்படும் சில கலவைகள் சூடேறும்போது ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளிவிடுகின்றன. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது இதைத்தான். அமெரிக்காவில் சுமார் 33,500 பெண்களை ஏறக்குறைய 11 ஆண்டுகள் கவனித்த ஓர் ஆய்வு 2022இல் வெளிவந்தது. முடியை நேராக்கும் ரசாயனங்களை ஒருபோதும் தொடாதவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவிகிதம், அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவிகிதம் என்று அது கணக்கிட்டது. இரண்டுக்கும் தொடர்பு தெரிகிறது, அதுதான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நல்ல முடிவெட்டு ஒன்று கிடைக்காததற்காக எடுக்க வேண்டிய ஆபத்தா இது என்பதே கேள்வி.

பாதிக்கப்படுகிறவர்களில் சிறுமிகள் அதிகம். ஆர்.கே.புரத்தில் வசிக்கும் தோழி ஒருத்தியின் மகள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, 'தலை வாரிக்கொண்டு வரவும்' என்று பள்ளி டைரியில் குறிப்பு வந்தது. அவள் வாரிக்கொண்டுதான் போயிருந்தாள். அதுதான் பிரச்சினை. உலர்ந்த சுருளில் சீப்பை ஓட்டினால் சுருள் பிரிந்து பஞ்சாகிவிடும். ஆசிரியைக்கு அது பரட்டைத் தலை. அந்த வருடம் முழுவதும் அவள் இரவில் எண்ணெய் வைத்து, துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு தூங்கினாள். தன் தலையில் ஏதோ குறை என்று 13 வயதில் ஒருத்தி நம்பத் தொடங்கினால் அது சீக்கிரம் போவதில்லை.

சுருள் அழகில்லை என்று எப்போது முடிவாயிற்று? பழந்தமிழில் பெண்களின் கூந்தலுக்கு ஐம்பால் என்று ஒரு பெயர். முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்று ஐந்து வகையாக அலங்கரிப்பதால் வந்த பெயர் என்பார்கள் உரைகாரர்கள். ஐந்தில் ஒன்று சுருள். மேல்நாட்டிலும் சுருளுக்காகத் தவம் கிடந்தவர்கள் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்ல் நெஸ்லர் என்ற ஜெர்மானியர் லண்டனில் நேர்முடியை நிரந்தரமாகச் சுருட்டும் கருவியைக் கொண்டுவந்தார். பெண்கள் மணிக்கணக்கில் சூடான உலோக உருளைகளைத் தலையில் சுமந்து உட்கார்ந்தார்கள். 1980களில் 'பெர்ம்' என்ற பெயரில் அதே ஆசை மறுபடி அலையடித்தது.

தில்லி தேசிய அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் புத்தர் சிலைகளின் தலையைச் சற்று நின்று பார்க்கலாம். பல சிலைகளில் சின்னச் சின்னச் சுருள்கள், வரிசை பிசகாமல். அரண்மனையை விட்டு வெளியேறிய சித்தார்த்தர் வாளால் தம் முடியை அறுத்தெறிந்ததும், மிச்சம் இரண்டு விரல் நீளத்தில் வலப்பக்கமாகச் சுருண்டு, ஆயுள் முழுவதும் அப்படியே நின்றது என்கிறது பௌத்த மரபு. ஒரே வெட்டோடு பிரச்சினை தீர்ந்த சுருள்முடிக்காரர் அவர் ஒருவர்தான்! முடிதிருத்துபவராக இருந்து அவருடைய சீடரான உபாலிதான், முதல் பௌத்த மாநாட்டில் துறவிகளுக்கான விதிகளைச் சொன்னவர். நம் ஊரிலும் முடிதிருத்தும் சமூகத்தாருக்கு மருத்துவர் என்று பெயர் உண்டு. நாடி பிடித்துப் பார்த்துவிட்டு மருந்து தருவது மருத்துவம். தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கத்தரியை எடுப்பதும் அந்த வழியில் வந்த வித்தைதான்.

புத்தரின் பாக்கியம் இல்லாதவர்கள் என்ன செய்யலாம்? வெட்டப் போகும் நாளில் எண்ணெய் வைக்காமல், பின்னாமல், வாராமல், தலைக்குக் குளித்துத் தானாக உலரவிட்டுப் போங்கள். வெட்டுகிறவர் உங்கள் சுருளை அதன் சொந்த உருவத்தில் பார்க்கட்டும். சினிமா நடிகையின் படத்தை எடுத்துச் செல்வதைவிட, உங்கள் முடி உங்களுக்கே பிடித்திருந்த ஒரு நாளின் போட்டோவைக் காட்டுவது மேல். எத்தனை அங்குலம் என்று சொல்லாதீர்கள். உலர்ந்தபின் எங்கே நிற்க வேண்டும் என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள்: தோள், தாடை, காதுமடல். முதல்முறை என்றால் விரும்புவதைவிடச் சற்று நீளமாகவே விடச் சொல்லுங்கள். கூடாரம் வேண்டாம் என்றால் அடுக்கடுக்காக வெட்டச் சொல்ல வேண்டும். பல் கத்தரி வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆண்களுக்கும் இதே விதிதான்.

தில்லிக்கென்று சில கூடுதல் குறிப்புகள். மே மாத வறட்டுக் காற்றில் ஒரு மாதிரி இருக்கும் முடி, ஜூலை மழையில் ஈரத்தை உறிஞ்சி உப்பும். மழைக்காலத்துக்கு முன் வெட்டும்போது இதை நினைவில் வையுங்கள். பல காலனிகளில் குழாயில் வருவது உப்புச் சத்து மிகுந்த நிலத்தடி நீர். அது முடியில் படிந்து சொரசொரப்பாக்கும். கடைசியாக ஒரு சொம்பு வடிகட்டிய தண்ணீரில் அலசினால் வித்தியாசம் தெரியும். சீப்பு வேண்டுமானால் அகலப் பல் சீப்பு, அதுவும் முடி ஈரமாக இருக்கும்போது மட்டும்.

ரவிக்கை பிடித்தால் டெய்லரிடம் கொடுத்துப் பிரித்துத் தைக்கலாம். முடிக்கு அந்த வசதி இல்லை. மாதத்துக்குச் சுமார் அரை அங்குலம்தான் வளரும். 4 அங்குலப் பிழையைச் சரிசெய்ய 8 மாதம் காத்திருக்க வேண்டும்.

பிரிட்டனில் 2021இல் முடிதிருத்துவோருக்கான தொழில் தரங்களைத் திருத்தி, எல்லா வகை முடியையும் வெட்டக் கற்பது பயிற்சியின் பகுதியாக்கப்பட்டது. நியூயார்க் மாநிலம் 2023இல் சட்டமே கொண்டுவந்தது. தெருவுக்குத் தெரு சுருட்டை முடி நடமாடும் நம் நாட்டில், அழகுக்கலைப் பயிற்சி நிலையங்கள் இதைத் தாமாகவே செய்திருக்க வேண்டும். செய்யும்வரை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

நாற்காலியில் உட்காருவதற்கு முன் ஒரு கேள்வி போதும்: "நனைத்து வெட்டுவீர்களா, உலர்ந்ததிலா? ஏன்?" கேட்டதும் அவர் உங்கள் முடியைத் தொட்டுப் பார்த்து யோசித்தால் நல்ல சகுனம். தைரியமாக உட்காரலாம். யோசிக்காமல் ஸ்மூத்தனிங் விலைப்பட்டியலை நீட்டினால் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவது நல்லது.