மறுப்போர் காரணம் சொல்லட்டும்



பிள்ளைகளிடமும் முதியோரிடமும் பணிபுரிய வருவோரின் பின்னணியை விசாரிக்கத்தான் வேண்டுமா என்று நம்மில் சிலர் இன்னும் கேட்கின்றனர். "ஹஸ்ரத்தையே சந்தேகிப்பதா?" என்று முகம் சுளிக்கின்றனர். அவர்களுக்கு ஏர்வாடியே விடை. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநலக் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தனர். கண்காணிப்பு இல்லாத இடத்தில் நம்பிக்கை மட்டும் எவரையும் காப்பதில்லை.

ஆகவே, சரிபார்ப்பு வேண்டும். 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகளும் அதைக் கட்டாயமாக்கியுள்ளன. பிள்ளைகள் தங்கும், வந்துபோகும் நிறுவனம் ஒவ்வொன்றும், ஒப்பந்த ஊழியர் உட்பட, பிள்ளைகளோடு பழகும் ஊழியர் அனைவரையும் காவல்துறை மூலம் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். செம்மண்டலத்துப் பள்ளியாயினும் லால்பேட்டை மதரஸா விடுதியாயினும் கடமை ஒன்றே.

நாம் எழுப்பும் கேள்வி அதற்கு அடுத்தது. சரிபார்ப்பே தவறிவிட்டால் என்ன வழி? அப்துல் காதர்களும் முஹம்மது அலிகளும் தெருவுக்குத் தெரு வாழும் ஊர்கள் நம்முடையவை. ஒருவர் மீதுள்ள வழக்கு அதே பெயருடைய மற்றொருவரின் கணக்கில் ஏறிவிடலாம். ஆர்ப்பாட்டத்தில் நின்றதற்காகப் பதிவான வழக்கு, விடுதலைக்குப் பிறகும் குறிப்பில் தொடரலாம். சரிபார்க்கக் கட்டளையிட்ட அவ்விதிகள், பாதிக்கப்பட்டவர் முறையிட ஒரு வாசலை வைக்கவில்லை. "போலீஸ் ரிப்போர்ட் சரியில்லை" என்ற ஒரே சொல்லோடு நிர்வாகம் கதவை அடைத்தால், மீதியை ஊர் வாய் சொல்லி முடித்துவிடும். பிள்ளைகளிடம் வேலை மறுக்கப்பட்டவர் என்ற பெயர், அவருடைய மகளின் நிக்காஹ் பேச்சு வரை தொடர்ந்து வரும்.

பிரிட்டனில் இத்தகைய பணிகளிலிருந்து ஒருவரை விலக்குவதற்குத் தனி அமைப்பும் 2006ஆம் ஆண்டின் சட்டமும் உள்ளன. பெரும்பாலான நேர்வுகளில், விலக்கும் முன் பதிலளிக்க 8 வாரம் தருகிறார்கள். அதன் பின்னரும், சட்டத்திலோ உண்மை விவரத்திலோ பிழையிருப்பின் மேல் தீர்ப்பாயத்தை நாடலாம். பிள்ளைகளைக் காப்பதும் நியாயம் கேட்க இடமளிப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

இதை நாம் பிறரிடம் கற்க வேண்டியதுமில்லை. அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைப்பதையும் மக்களிடையே நீதியுடன் தீர்ப்பளிப்பதையும் அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனம் ஒருங்கே கட்டளையிடுகிறது. ஒன்றை எடுத்து மற்றொன்றை விட நமக்கு உரிமையில்லை. அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதி வழங்க அனுப்பியபோது, மறுதரப்பையும் கேட்காமல் தீர்ப்பளிக்கலாகாது என்றே நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள்.

எனவே ஜமாஅத் நிர்வாகிகளிடமும் தாளாளர்களிடமும் நாம் கோருவது இதுதான்: மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் தாருங்கள். பதிலளிக்க 15 நாள் கொடுங்கள். முதலில் முடிவெடுத்தவர்கள் அல்லாத வேறு மூவரைக் கொண்டு மறுபரிசீலனை செய்யுங்கள். அது முடியும்வரை அவரைப் பிள்ளைகளிடம் அனுப்பவும் வேண்டாம். அவரைப் பற்றி ஊரில் பேசவும் வேண்டாம். பிள்ளைக்குத் தீங்கிழைத்தது உறுதியானவருக்கு, அவர் எத்துணை பெரிய தொழுகையாளியாயினும், இவ்வாசல் திறக்காது.

மறுக்கப்பட்ட சகோதரர்களே, வழக்கை மறைக்காதீர்கள். அரசுப் பணி தொடர்பான அவதார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம், மறைத்தலையே பணிநீக்கத்துக்குக் காரணமாக்கலாம் என்றது. அற்ப வழக்கையும் கொடிய வழக்கையும் வேறுபடுத்திப் பார்க்கவும் சொன்னது. காவல்துறை அறிக்கையின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். பிழையிருப்பின் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள். வழக்கறிஞருக்கு வசதியில்லையேல், கடலூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேளுங்கள்.

காரணம் சொல்லாத மறுப்பு பிள்ளைகளைக் காப்பதில்லை. நிர்வாகத்தின் சங்கடத்தை மட்டுமே காக்கிறது. இரு தரப்புக்கும் நீதி செய்யும் துணிவை அல்லாஹ் நமக்கு அருள்வானாக.