நாலு நிமிடத்தில் நிற்கும் படம்!
சொந்தப் பெட்டி வைத்தவர் செய்த குற்றம் என்ன?

பாளையங்கோட்டையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். இரவு 8 மணி. ஆச்சி தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கிறார். தொடரில் இத்தனை நாள் பொறுத்திருந்த மருமகள் வாய் திறக்கப் போகிறாள். அந்த நேரம் பார்த்துப் படம் நின்றுவிட்டது!

"ஏல, படம் நின்னு போச்சு! வந்து பாரு!" என்று ஆச்சி கூப்பிடுகிறார்.

பேரன் ஓடி வருகிறான். வேறு சேனலுக்கு மாற்றுகிறான். மறுபடி பழைய சேனலுக்கு வருகிறான். படம் வந்துவிட்டது! நாலு நிமிடம் ஆகிறது. மீண்டும் நின்றுவிட்டது.

பேரன் இணைப்பு கொடுத்தவர்களுக்குப் போன் செய்கிறான்.

"வைஃபை பெட்டி நாங்கள் கொடுத்ததா, நீங்கள் வாங்கியதா?"

"நாங்கள் வாங்கியது."

"அப்படியானால் எங்களுக்குப் பொறுப்பு இல்லை."

பேச்சு முடிந்தது. இது நியாயமா?

மடையும் வயலும்

தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு இந்தச் சங்கதி எளிதில் விளங்கும். சுத்தமல்லி அணைக்கட்டில் நெல்லைக் கால்வாய் பிரிகிறது. ஒவ்வொரு வயலுக்கும் ஒரு கால்வாயா வெட்டியிருக்கிறார்கள்? இல்லை. ஒரே கால்வாய்தான். எந்த வயலுக்குத் தண்ணீர் வேண்டுமோ, அங்கே மடையைத் திறக்கிறார்கள்.

கண்ணாடி இழைக் கம்பியில் தொலைக்காட்சி வருவதிலும் இப்படி ஒரு முறை உண்டு. அதற்கு மல்டிகாஸ்ட் என்று பெயர். 100 வீட்டார் ஒரே சேனலைப் பார்த்தால் 100 பிரதி அனுப்ப வேண்டாம். ஒரு பிரதி போதும். பிரிய வேண்டிய இடத்தில் அது பிரியும். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த ஸ்டீவ் டீரிங் இதற்கான விதிகளை 1989-ல் எழுதி வெளியிட்டார்.

சேனலைத் திறந்ததும் வீட்டுப் பெட்டி, "எனக்கும் வேண்டும்" என்று மேலே சொல்லி அனுப்புகிறது. மடை திறக்கிறது. பிறகு சாதாரணமாக 125 விநாடிக்கு ஒரு முறை, "இன்னும் பார்க்கிறீர்களா?" என்று மேலிருந்து கேள்வி வரும். வீட்டிலிருந்து பதில் போக வேண்டும். 260 விநாடி வரை பதில் இல்லாவிட்டால், வீட்டில் யாரும் பார்க்கவில்லை என்று மடையை அடைத்துவிடுவார்கள்.

260 விநாடி என்றால் 4 நிமிடம் 20 விநாடி. ஆச்சியின் படம் நின்றதும் ஏறக்குறைய அதே கணக்கில்தான்!

பேரன் வாங்கி வைத்த பெட்டியில் திருடனைத் தடுக்கும் காவல் பலமாக இருக்கிறது. மேலிருந்து வந்த கேள்வியையும் திருடன் என்று எண்ணி அது வாசலிலேயே நிறுத்திவிட்டது. சேனலை மாற்றினால் புதிதாகக் கேட்டு அனுப்புகிறது. அதனால் படம் வருகிறது. அந்தக் கேள்வியை உள்ளே விடும்படி பெட்டியில் ஒரு விதி எழுதினால் தீர்ந்தது.

படமே வராத வீடும் உண்டு. பல நிறுவனங்கள் தொலைக்காட்சிக்கு விலான் என்ற தனித் தடம் வைத்திருக்கின்றன. அந்தத் தடத்தின் எண் தெரியாவிட்டால் சொந்தப் பெட்டி என்ன செய்யும்? வேறு சில வீடுகளில் படம் நன்றாக ஓடும். ஆனால் எல்லார் கைபேசியும் நத்தையாகிவிடும். பார்க்காத அறைகளுக்கும் படம் வெள்ளமாய்ப் பாய்வதே காரணம். பெட்டியில் "ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங்" என்ற வசதி இருந்தால் அதைப் போட்டுவிட வேண்டும். தொலைக்காட்சிக்குத் தனி வயர் இழுத்துவிட்டால் இன்னும் நல்லது.

ஒரு தாள் போதும்

1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியபோது, நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் மாடியில் உயர ஆன்டெனா நட்டுப் பார்த்தார்கள். ஒருவர் மேலே திருப்புவார். "தெரியுதா?" என்பார். "இன்னும் கொஞ்சம்" என்று கீழேயிருந்து குரல் வரும். பழுது கண்ணுக்குத் தெரிந்தது; கைக்கும் எட்டியது. இன்று பழுது எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. அந்த எண் நிறுவனத்திடம் இருக்கிறது.

2024-ல் பி.எஸ்.என்.எல். கண்ணாடி இழைத் தொலைக்காட்சியைத் தமிழ்நாட்டில் தொடங்கியது. தனியாரும் தருகிறார்கள். எல்லாரும் மல்டிகாஸ்டில்தான் அனுப்புகிறார்கள் என்று சொல்வதற்கில்லை. தனித்தனிப் பிரதியாக அனுப்பினால் இந்தத் தொல்லையே கிடையாது. எந்த முறை என்பதை வீட்டாருக்குச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

ஜெர்மனியில் 2016 ஆகஸ்டு 1 முதல் சட்டமே இருக்கிறது. வீட்டார் விரும்பிய பெட்டியை வைத்துக்கொள்ளலாம். இணைப்புக்கு வேண்டிய விவரங்களை நிறுவனம் கேட்காமலே கொடுக்க வேண்டும்.

ஊரான் பெட்டியை எல்லாம் கழற்றிப் பார்த்துச் சரி செய்ய முடியாது என்று நிறுவனம் சொன்னால், அது ஒப்புக்கொள்ளத் தக்கதே. பெட்டியைச் சரி செய்யும்படி யாரும் கேட்கவில்லை. தடத்தின் எண், கேள்வி வரும் முறை, படம் எந்த வழியில் வருகிறது என்ற விவரம், இவற்றைத் தமிழில் ஒரு தாளில் அச்சடித்து, இணைப்புக் கொடுக்கும் அன்றே கையில் கொடுத்தால் போதும். மீதியைப் பேரன் பார்த்துக்கொள்வான். அவனுக்குத் தெரியாவிட்டால் டவுனில் மெக்கானிக் இருக்கிறார்.

இப்போதைக்கு ஆச்சி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். நாலு நிமிடத்துக்கு ஒரு தரம் சேனலை மாற்றித் திரும்பி வருகிறார். மருமகள் என்ன பேசினாள் என்பதுதான் முழுசாகக் கிடைக்கவில்லை.