சேத்ரி திரும்பி வந்தது விசுவாசமா, வீம்பா? கால்பந்து ரசிகர்கள் இரண்டு கட்சி!

கண்ணீரோடு கும்பிட்டு விடைபெற்ற கேப்டன், ஒன்பதே மாதத்தில் திரும்ப வந்தார். அவர் வந்தும் இந்தியா கரை சேரவில்லை. 2025 அக்டோபர் 14-ந் தேதி கோவாவில் சிங்கப்பூரிடம் 2-1 என்ற கோல் கணக்கில் தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குப் போகும் வாய்ப்பைக் கோட்டை விட்டது.

அந்தக் கேப்டன் சுனில் சேத்ரி. அப்போது அவருக்கு வயது 41.

தோல்வி ஆறினாலும் வாக்குவாதம் ஆறவில்லை. கால்பந்து ரசிகர்கள் நாலு பேர் கூடினால் அங்கே இரண்டு கட்சி.

“நாட்டுக்காக 40 வயசுல மறுபடி பூட்ஸ் மாட்டினாரே, அவரைப் போய் குத்தம் சொல்றீங்களே? ஆள் இல்லாத வீட்டுக்குக் காவலா வந்தவரைத் திருடன்னு சொல்றதா?” என்பது ஒரு கட்சி.

“போறேன்னு சொன்னா போயிடணும். பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கலேன்னா சின்னப் பையன் எங்கேய்யா உட்காருவான்?” என்பது மறு கட்சி.

இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு கட்சியும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. அதற்கு முன், நடந்தது என்ன என்று பார்க்கலாம்.

19 வருட ஓட்டம்

சேத்ரி இந்திய அணியில் முதன்முதலாக இறங்கியது 2005 ஜூன் 12-ந் தேதி. பாகிஸ்தானின் குவெட்டா நகரில் நடந்த அந்த ஆட்டத்திலேயே ‘கோல்’ போட்டார். 2024 ஜூன் 6-ந் தேதி கல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் குவைத்துடன் ‘டிரா’ செய்து விடைபெற்றார். 151 ஆட்டங்கள், 94 கோல்கள். அன்றைக்கு ஆடிக்கொண்டிருந்தவர்களில் நாட்டுக்காக அவரைவிட அதிக கோல் போட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் ரொனால்டோ, இன்னொருவர் மெஸ்ஸி.

அவர் போன பிறகு இந்தியா ஆடிய அடுத்த ஐந்து ஆட்டங்களில் விழுந்த கோல் மூன்றுதான். அதிலும் ஒன்று பின்களத்தில் நின்று தடுக்க வேண்டிய ராகுல் பெக்கே முன்னால் போய்ப் போட்டது! 2024-ம் ஆண்டு முழுவதும் 11 ஆட்டங்கள் ஆடி ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. அதற்காக, சேத்ரி இல்லாததுதான் காரணம் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. அவர் இருந்தபோதே, அந்த வருட ஜனவரியில் கத்தார் ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டத்திலும் தோல்வி. ஒரு கோல்கூட விழவில்லை.

பயிற்சியாளர் ஸ்டிமாச் 2024 ஜூனில் நீக்கப்பட்டார். ஸ்பெயின் நாட்டுக்காரரான மனோலோ மார்க்கேஸ் வந்தார். அவர் அந்த சீசன் முழுவதும் கோவா கிளப்புக்கும் பயிற்சியாளர், நாட்டு அணிக்கும் பயிற்சியாளர். இரண்டு வீட்டு மாப்பிள்ளை! இதுவே ரசிகர்களுக்குப் பாதிக் கோபம்.

489 நாள் கழித்து வெற்றி

2025 மார்ச்சில் சேத்ரியை மனோலோ திரும்ப அழைத்தார். அவருடைய கணக்கு சுலபமானது. அந்த ஐ.எஸ்.எல். சீசனில் இந்தியர்களில் அதிக கோல் போட்டுக்கொண்டிருந்தவர் சேத்ரிதான். சீசன் முடியும்போது 14. நன்றாக ஆடுகிறவனை அழைக்காமல், பிறந்த தேதியைப் பார்த்தா அழைப்பது?

மார்ச் 19-ந் தேதி ஷில்லாங்கில் மாலத்தீவை இந்தியா 3-0 என்று வென்றது. மூன்றாவது கோல் சேத்ரியின் தலையால் விழுந்தது. அது அவருடைய 95-வது கோல். இந்தியாவுக்கு 489 நாள் கழித்துக் கிடைத்த முதல் வெற்றியும் அதுதான். முதல் கட்சி ரசிகர்கள் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்கள்.

ஆறே நாள். அதே ஷில்லாங்கில் வங்காளதேசத்துடன் 0-0. ஜூன் 4-ந் தேதி தாய்லாந்திடம் 2-0 தோல்வி. ஜூன் 10-ந் தேதி ஹாங்காங்கில் ஆட்டம் முடியும் தறுவாயில் ‘பெனால்டி’ கொடுத்து 1-0 தோல்வி. ஜூலையில் மனோலோ விலகினார். 8 ஆட்டத்தில் அவருக்குக் கிடைத்தது அந்த மாலத்தீவு வெற்றி ஒன்றுதான். உலகத் தர வரிசையில் இந்தியா 133-வது இடத்துக்கு இறங்கியது.

இப்போது காலரைத் தூக்கியது இரண்டாவது கட்சி.

விசுவாசம் என்றால் என்ன?

விசுவாசம் என்ற பேச்சு வந்தால் கல்கத்தாவைத் தொடாமல் போக முடியாது. அங்கே மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று ஊரே இரண்டு. ஒரு கிளப்பிலிருந்து மறு கிளப்புக்குப் போனவனை, வீட்டை விட்டு ஓடிப்போன பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வாங்கியபோது கேப்டனாக இருந்த சுனி கோஸ்வாமி, கடைசிவரை மோகன் பகானை விட்டு நகரவில்லை. அந்த அணியில் இன்னொரு சூரர் பி.கே. பானர்ஜி. அவர் பேர் வாங்கியது இரண்டு பெரிய கிளப்பிலும் அல்ல, ஈஸ்டர்ன் ரயில்வே அணியில்! ஆனால் பயிற்சியாளரானபோது ஈஸ்ட் பெங்காலில் இருந்தார், மோகன் பகானிலும் இருந்தார். இரண்டு பக்கமும் கோப்பை வாங்கிக் கொடுத்தார். அவரைத் துரோகி என்று யாரும் சொல்லவில்லை. கோப்பை வாங்கித் தருகிறவருக்கு ஊர் கொடுக்கிற சலுகை அது.

பிறகு வந்தவர் பின்கள வீரர் சுப்ரதா பட்டாச்சார்யா. 17 வருடம் மோகன் பகான் சட்டையைத் தவிர வேறு கிளப் சட்டை போடாதவர். இவருடைய மகளைத்தான் 2017-ல் சேத்ரி மணந்தார். மாமனார் ஒரே கிளப். மாப்பிள்ளையோ மோகன் பகான், ஜே.சி.டி., ஈஸ்ட் பெங்கால், டெம்போ, அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டி, போர்ச்சுகலில் ஸ்போர்ட்டிங் ‘பி’ அணி என்று சுற்றி வந்து 2013-ல் பெங்களூரில் நின்றவர். நடுவில் மும்பைக்குக் கொஞ்ச நாள் இரவல் போனதைத் தவிர, பிறகு அங்கிருந்து அசையவில்லை. பெங்களூர் ரசிகர்களுக்கு அவர்தான் கிளப், கிளப்தான் அவர்.

ஆக, கிளப் மாறினதை வைத்து விசுவாசத்தை எடை போட முடியாது. சம்பளத்துக்கு ஆடுகிறவன் சம்பளம் கூடுகிற இடத்துக்குப் போவது உலக வழக்கம். ஆபீஸ் குமாஸ்தா வேலை மாறினால் யாரும் துரோகி என்பதில்லையே! ஆனால் நாட்டு அணி அப்படி இல்லை. அங்கே மாற வேறு இடம் கிடையாது. இருப்பது, போவது இரண்டுதான். எப்போது போவது என்பதில்தான் சிக்கல்.

இந்தச் சிக்கல் சேத்ரியோடு ஆரம்பித்ததும் அல்ல. 2011 ஆசியக் கோப்பைக்கு பாப் ஹவுட்டன் கூட்டிப்போன அணிக்குக் கேப்டன் பைச்சுங் பூட்டியா. காலில் அடி. முதல் இரண்டு ஆட்டத்தில் இறங்கவே இல்லை. கடைசியாகத் தென் கொரியாவுடன் கொஞ்ச நேரம் இறங்கினார். அதே போட்டியில் இரண்டு கோல் போட்டு “நான் இருக்கிறேன்” என்று காட்டிய இளைஞன் யார் தெரியுமா? இதே சேத்ரிதான். அன்று பெரியவர் ஒதுங்கியபோது வாரிசு வாசலில் நின்றான். இன்று வாசலில் யாரும் இல்லை.

வாய் மருந்தும் வைரமும்

வயது ஒரு பக்கம் இருக்கட்டும், பயிற்சியாளர்தான் குற்றவாளி என்று சொல்லும் மூன்றாவது கோஷ்டியும் உண்டு. அவர்கள் கிளப்புவது பழைய சண்டை. வீரனை வாயால் உசுப்பேற்றுவதா, கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிக்கொடுப்பதா?

இந்தச் சண்டையின் உச்சம் 1997 ஜூலை 13. பெடரேஷன் கோப்பை அரை இறுதி. சால்ட் லேக்கில் 1 லட்சத்து 30 ஆயிரம் பேருக்கு மேல் கூட்டம். மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா, ‘டைமண்ட்’ என்று வைர வடிவ வியூகம் வகுத்திருந்தார். அதற்கு முந்தைய சுற்றில் சர்ச்சில் பிரதர்ஸை அரை டஜன் கோல் போட்டு விரட்டிய வியூகம் அது. அந்தத் தெம்பில் எதிரணி பைச்சுங்கை ‘சம்சம்’ மிட்டாய் என்றும், ஒமோலோவை ‘ஆம்லெட்’ என்றும் கேலி பேசினார்.

ஈஸ்ட் பெங்காலின் பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி. ‘வோகல் டானிக்’, அதாவது வாய் மருந்து கொடுப்பதில் அவருக்கு மிஞ்சி ஆள் கிடையாது. எதிராளி திட்டியதையே எடுத்து மருந்தாக அரைத்துத் தன் பையன்களுக்குப் புகட்டினார். முடிவு 4-1. ‘மிட்டாய்’ பைச்சுங் மூன்று கோல்!

வாய் ஜெயித்தது, வைரம் தோற்றது என்று அன்று எழுதினார்கள். அது முழு உண்மை அல்ல. அமல் தத்தா சொந்த முயற்சியில் இங்கிலாந்து போய்ப் பயிற்சிக் கலை படித்து வந்தவர். பின்கள வீரர்கள் ஓரமாக ஓடி முன்னால் போய்த் தாக்கும் முறையை 1969-லேயே மோகன் பகானில் செய்து காட்டி, ஷீல்டு இறுதியில் ஈஸ்ட் பெங்காலை 3-1 என்று அடித்தவர். பி.கே.யும் வெறும் பேச்சுக்காரர் அல்ல. கையில் சரக்கு இருந்ததால்தான் வாய் மருந்து வேலை செய்தது.

2025 ஆகஸ்டில் வந்த காலித் ஜமீல் இந்த இரண்டு ரகத்திலும் சேராதவர். அதிகம் பேச மாட்டார். அழகாக ஆட வேண்டும் என்றும் பிடிவாதம் கிடையாது. முதலில் கோல் வாங்காதே, பிறகு கிடைத்த இடைவெளியில் ஓடு. இதுதான் அவர் பாடம். இப்படித்தான் 2017-ல் ஐசால் என்ற சின்ன ஊர் அணியை ஐ-லீக் சாம்பியன் ஆக்கினார். 13 வருடத்துக்குப் பிறகு நாட்டு அணிக்குக் கிடைத்த இந்தியப் பயிற்சியாளர் என்பதால் ரசிகர்களுக்கு ஒரு சந்தோஷம்.

அவர் முதலில் செய்தது, சேத்ரி இல்லாமல் மத்திய ஆசியப் போட்டிக்குப் போனது! தஜிகிஸ்தானை 2-1 என்று வென்று, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஓமனை ‘பெனால்டி’யில் தோற்கடித்துத் திரும்பினார். “பார்த்தீங்களா, பெரியவர் இல்லாமலே ஜெயிக்குது” என்றது இரண்டாவது கட்சி. அடுத்த மாதமே சிங்கப்பூர் ஆட்டங்களுக்கு சேத்ரியைத் திரும்ப அழைத்தார் ஜமீல். கட்சிக்காரர்கள் வாயடைத்துப் போனார்கள்.

சிங்கப்பூரில் ஜிங்கன் வெளியேற்றப்பட்டு, பத்துப் பேரோடு ஆடிய இந்தியாவுக்கு 90-வது நிமிடத்தில் சமன் செய்து கொடுத்தவர் ரஹீம் அலி. சென்னையின் எப்.சி. சட்டையில் சென்னை ரசிகர்கள் பார்த்துப் பழகிய பையன்தான். கோவாவிலோ சாங்தே 14-வது நிமிடத்தில் கோல் போட்டும் பிடித்து வைக்க முடியவில்லை. சாங் உய்-யங் இரண்டு கோல் போட்டு முடித்துவிட்டார். நாலு ஆட்டத்தில் இந்தியாவுக்கு இரண்டே புள்ளி.

யாரும் கேட்காத கேள்வி

40 வயதுக்காரரைத் தேடிப் போகும் நிலை ஏன் வந்தது? இதுதான் அந்தக் கேள்வி.

ஐ.எஸ்.எல். கிளப்புகளில் நடு முன்களத்தில் நின்று கோல் போடும் வேலை பெரும்பாலும் வெளிநாட்டுக்காரருக்கு. 2014-ல் லீக் தொடங்கியபோது ஒரு அணி ஆறு வெளிநாட்டு வீரர்களைக் களத்தில் இறக்கலாம். பிறகு ஐந்து ஆனது, 2021-ல் நாலு ஆனது. எத்தனை குறைத்தாலும் கிளப் முதலாளி கடைசியாக விட்டுக்கொடுப்பது அந்த கோல் போடும் ஆளைத்தான். லட்சக்கணக்கில் பணம் போட்டவர், பழகாத பையனை அங்கே நிறுத்திப் பார்க்கத் துணிவாரா? அதனால் இந்தியப் பையன்கள் ஓரத்துக்குப் போகிறார்கள். சாங்தே ஓரம், கொலாசோ ஓரம், மன்வீர் ஓரம். வருடம் முழுக்க ஓரத்தில் ஓடுகிறவனை நாட்டு ஆட்டத்தில் நடுவில் நிறுத்தி ‘கோல் போடு’ என்றால் எப்படிப் போடுவான்?

சேத்ரி நாற்காலியை அடைத்துக்கொண்டார் என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். அவர் எழுந்து போன ஒன்பது மாதமும் நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. அதே சமயம், அவரை அழைத்ததால் காலியிடம் மறைந்துபோனது என்பதும் உண்மை. திரும்பி வந்து அவர் போட்டது மொத்தம் ஒரே கோல், அதுவும் மாலத்தீவுக்கு எதிராக. பழி போட வேண்டியது வந்தவர் மேல் அல்ல, அழைத்தவர்கள் மேல்.

2025 நவம்பரில் சேத்ரி மறுபடி ஓய்வு அறிவித்தார். ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறவே திரும்பி வந்ததாகவும், அது இல்லை என்றானபின் இருக்க வேலை இல்லை என்றும் காரணம் சொன்னார். இந்த முறை மைதானமும் இல்லை, மாலையும் இல்லை.

நவம்பர் 18-ந் தேதி டாக்காவில் அவர் இல்லாத இந்தியா வங்காளதேசத்திடம் 1-0 என்று தோற்றது. 22 வருடத்தில் வங்காளதேசத்திடம் முதல் தோல்வி அது. அன்றும் இந்தியாவுக்கு ஒரு கோல்கூட விழவில்லை.