படைக்குப் போகும் பிள்ளையின் பெட்டியில்



சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிறன்று, இரண்டாம் திருப்பலி முடித்து நாம் திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தபோது, நமது பங்கைச் சேர்ந்த ஒரு தாய் தம் மகனுடன் வந்து நின்றார். இராணுவ ஆள்சேர்ப்பில் தேர்வு பெற்ற அந்தப் பிள்ளை, நீலகிரியில் வெலிங்டனிலுள்ள மதராஸ் படைப்பிரிவின் பயிற்சி மையத்துக்குப் புறப்பட நான்கு நாள்களே இருந்தன. தாயின் கையில் புதிய விவிலியம் ஒன்று இருந்தது. "சாமி, இதை மந்திரித்துக் கொடுங்க. பெட்டியில இது இருந்தா என் பிள்ளைக்கு ஒண்ணும் வராது" என்றார்.

மந்திரித்துக் கொடுத்தோம். ஆனால் அவர் சொன்ன இரண்டாவது வாக்கியம் நம் மனத்தை விட்டு அகலவில்லை.

காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், இப்படியே ஓர் இளைஞனுக்கு நாம் விவிலியம் ஒன்றைப் பரிசளித்து அனுப்பினோம். பயிற்சி முடிந்து விடுப்பில் வந்த அவன், அதைப் பத்திரமாக எடுத்து வந்து காட்டினான். அட்டை நலுங்கவில்லை, நாடாவும் வைத்த இடத்திலேயே இருந்தது. "இரண்டு மூன்று தடவை திறந்தேன், சாமி. ஒரு தடவை பேர்ப் பட்டியல் வந்தது. இன்னொரு தடவை பலிச் சட்டம் வந்தது. எங்கே தொடங்குவதென்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே" என்றான். அந்த 'யாரும்' என்ற சொல்லுக்குள் முதல் ஆள் நாமே என்பதை அன்று உணர்ந்து வெட்கினோம்.

2022ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி, 17½ வயது நிரம்பிய பிள்ளையே படையில் சேரலாம். நேற்றுவரை அம்மா எழுப்பி எழுந்த பிள்ளை, இனிமேல் விடியுமுன் எழுந்து, 'உஸ்தாத்' என்று அழைக்கப்படும் பயிற்றுநரின் குரலுக்கு ஓடவேண்டும். கவாத்தும் களைப்பும் போக எஞ்சும் நேரம் சொற்பமே. அந்தச் சொற்ப நேரத்தில் அவன் புரட்டித் தேடிக்கொண்டிருக்க முடியுமா? ஆகவே கொடுப்பது மட்டும் போதாது. திறந்து காட்டிக் கொடுக்கவேண்டும்.

எதைக் காட்டுவது? படைவீரர்க்கு உகந்ததென்று பலரும் முதலில் குறிப்பது திருப்பாடல் 91. நன்று, அதை மனப்பாடமே செய்யட்டும். ஆனால் ஒன்றை மறவாதீர்கள். பாலைவனச் சோதனையில் அலகை நம் ஆண்டவரிடம் எடுத்துக்காட்டியது இதே திருப்பாடலைத்தான். கோவிலின் உச்சியிலிருந்து குதி, வானதூதர் தாங்குவர் என்பது அதன் பேச்சு. ஆண்டவர் குதிக்கவில்லை. இறைவாக்கைத் தாயத்தாக மாற்றும் சோதனை அவருக்கே வந்ததென்றால், அன்பு மிகுந்த ஒரு தாய்க்கு வருவதில் வியப்பில்லை.

அடுத்தது, லூக்கா நற்செய்தி மூன்றாம் அதிகாரம். திருமுழுக்கு யோவானிடம் படைவீரர்களே வந்து, தாங்கள் என்ன செய்யவேண்டும் எனக் கேட்கிறார்கள். படையை விட்டு ஓடிவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. மிரட்டிப் பணம் பறிக்காதீர்கள், பொய்க் குற்றம் சாட்டாதீர்கள், ஊதியத்தோடு மனநிறைவு கொள்ளுங்கள் என்றார். கையில் ஆயுதம் ஏந்தப்போகும் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவான அறிவுரை வேறென்ன? மத்தேயு எட்டாம் அதிகாரத்து நூற்றுவர் தலைவரையும் காட்டுங்கள். திருப்பலியில் நற்கருணை உட்கொள்ளுமுன் நாம் அனைவரும் சொல்லும் மன்றாட்டு, அந்தப் படைத்தலைவரின் வாயிலிருந்து பிறந்ததே.

பெற்றோராகிய உங்களுக்கென்றே ஒரு நூலும் உண்டு. அதுதான் தோபித்து. பார்வையிழந்த தந்தை தம் ஒரே மகனைத் தொலைநாட்டுக்கு அனுப்புகிறார். நான்காம் அதிகாரம் முழுவதும் அவர் மகனுக்குக் கூறும் அறிவுரை. ஐந்தாம் அதிகாரத்தில் தாய் அன்னா அழுகிறார். உடன் செல்லும் வழித்துணைவர் வானதூதர் இரபேல் என்பதை இருவரும் அறியார்! பெற்றோர் காணாத துணையை இறைவன் ஏற்பாடு செய்திருந்தார். 73 நூல்கள் கொண்ட நமது விவிலியத்தில்தான் இந்நூல் உண்டு. 66 நூல்கள் கொண்ட பதிப்புகளில் தேடினால் கிடைக்காது. பெட்டியில் இடமில்லையென்று புதிய ஏற்பாட்டை மட்டும் கொடுப்போர், அந்த நான்காம் அதிகாரத்தைத் தந்தையின் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதி உள்ளே வைக்கலாம்.

இனி, பாசறையில் பல சமயத்தாரும் ஒன்றாக உண்டு உறங்குவர். நமது படைப்பிரிவுகளில் 'சர்வ தர்ம ஸ்தல்' என ஒரே கூரையின்கீழ் எல்லாச் சமயத்தாரும் வழிபடும் இடங்கள் உண்டு. அங்கே விவிலியம் வாதாடுவதற்கான கருவியன்று. 1741இல் குளச்சல் போருக்குப் பின் சிறைப்பட்டு, பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே கவாத்துப் பயிற்றிய டிலனாய் என்னும் கத்தோலிக்கரை நினைவுகூர்க. செல்வம் இழந்து வாடிய நண்பர் நீலகண்ட பிள்ளைக்கு அவர் ஆறுதலாகச் சொன்னது யோபுவின் வரலாறு. அந்த நண்பரே 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற தேவசகாயம். 2022 மே 15ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்டவர். துயருற்ற தோழனுக்குத் தக்க வேளையில் ஒரு படைவீரர் சொன்ன விவிலியச் செய்தி எத்துணைப் பலன் தந்தது, பாருங்கள்!

இவற்றில் சிலவற்றை அந்தத் தாய்க்குச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, "அப்படின்னா இது என் பிள்ளையைக் காப்பாத்தாதா, சாமி?" என்று கேட்டார். கண்களில் நீர் நிறைந்திருந்தது. குண்டு படாது என்று உறுதி கூற நம்மால் இயலாது. எந்தக் குருவாலும் இயலாது. "அம்மா, அவன் உடலுக்கு நாம் செபிப்போம். அவன் நல்லவனாகவே திரும்பி வருவதற்கு இந்த நூல் வழிகாட்டும். ஆனால் அவன் மட்டும் வாசித்தால் போதாது, இங்கே வீட்டில் நீங்களும் வாசிக்கவேண்டும்" என்றோம்.

மூவரும் அமர்ந்து ஐந்து இடங்களில் காகிதத் துண்டு வைத்தோம். அங்கே அவன் வாசிக்கும் பகுதியையே இங்கே இரவுச் செபத்தில் பெற்றோரும் வாசிப்பது என முடிவாயிற்று. புறப்படும் நாளன்று தந்தை முதல் பக்கத்தில் மகனின் பெயரையும் தேதியையும் எழுதிக் கையொப்பமிட்டார் எனக் கேள்விப்பட்டோம்.

பெற்றோரே, உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி தயாராகிறதா? விவிலியத்தை அதில் வைத்துப் பூட்டுமுன், ஒருமுறை பிள்ளையோடு அமர்ந்து அதைத் திறவுங்கள்.