இறுகிய பாவும் இளைய மனமும்

இஷாத் தொழுகை முடிந்து வெகுநேரம் கழித்து, ரியூஷன் வகுப்பிலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் கல்முனை மாணவன் ஒருவன், உம்மா வைத்த சோற்றை வெறுமனே பிசைந்துவிட்டு எழுந்து போகையில், "சோதின முடிஞ்சாச் சரியாப் போகும்" என்று வாப்பா சொல்லும் ஆறுதல் பரிவிலிருந்தே பிறக்கிறது. ஆயினும், மன அழுத்தம் என்ற உபாதையின் முதல் இலட்சணத்தை நாம் காணத் தவறும் இடமும் அதுவே.

தரம் ஐந்தில் புலமைப்பரிசில், பின்னர் சாதாரண தரம், முடிவில் பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்றே தடவைகள் தோற்றக்கூடிய உயர்தரம் என்று நீளும் பாதையில், 2001இல் வந்த இசட் புள்ளியும், மாவட்ட வெட்டுப்புள்ளியும் பிள்ளையின் விதியை நிர்ணயிக்கின்றன. போதாக்குறைக்கு, 2024 நவம்பர் இறுதியில் பெருவெள்ளத்தால் உயர்தரப் பரீட்சை இடைநிறுத்தப்பட்டபோது, படித்ததை மனத்தில் ஏந்தியபடி நாட்களை எண்ணியிருந்த பிள்ளைகளின் தவிப்பை இக்கரையோர வீடுகள் நன்கறியும்.

மன அழுத்தம் முழுவதும் தீயதன்று. மருதமுனையின் கைத்தறியில் பாவு தளர்ந்தால் துணி அமையாது. அளவுக்குமேல் இறுகினாலோ இழை அறுந்துவிடும். ஓரளவு கிளர்ச்சி கற்றலுக்கு உதவும், கடினமான பணியில் அதன் மிகுதி கெடுக்கும் என்பதை யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் 1908இலேயே பரிசோதனையால் காட்டினர். ஆபத்தைக் கடக்கவென்று சரீரம் சுரக்கும் அட்ரினலினும் கோட்டிசோலும் நாள்தோறும் ஓயாது சுரக்குமாயின், நித்திரை கெடும். தலையும் வயிறும் வலிக்கும். காரணமின்றிக் கோபம் வரும். நேற்றுப் படித்தது இன்று மறக்கும். இவற்றைச் சோம்பல் என்று கண்டிப்பது, காய்ச்சலைக் குற்றமென்று தண்டிப்பதற்கு ஒப்பாகும்.

பரிகாரம் எட்டாத தூரத்தில் இல்லை. பதின்பருவத்தினருக்கு எட்டு மணி நேர நித்திரையேனும் அவசியம். கற்றது மனத்தில் நிலைப்பதும் அந்த நித்திரையிலேதான். ஐவேளைத் தொழுகை பகுத்துத் தரும் நாளில், அசருக்குப் பின் கடற்கரையில் பந்தாடும் ஒரு மணி நேரத்தை வீண் என்று எவரும் எண்ணலாகாது. வாட்டம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியரை நாடுவதிலோ, 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைப்பதிலோ வெட்கப்பட ஏதுமில்லை.

ஆனால், தனியொரு வீடு மட்டும் பிள்ளையை நேரத்தோடு உறங்க விடுவது எளிதன்று. அடுத்த வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருக்கிறானே என்ற அச்சம் எந்தத் தாயையும் விடாது. ஜும்ஆ நேரத்தில் கடைகளை ஒருமிக்க அடைக்கத் தெரிந்த ஊருக்கு, இஷாவுக்குப் பின் எந்த வகுப்பும் நடவாது என்று பள்ளிவாசலும் பாடசாலையும் ரியூஷன் ஆசிரியரும் கூடி ஒரு நியமத்தைச் செய்துகொள்வது அசாத்தியமான காரியமன்று.